ஃபோட்டோஷாப்பில் சொந்தப் பேனல்: கட்டலாமா, ஆக்‌ஷனோடு நிறுத்திக்கொள்ளலாமா?

அகல்விளக்கு:
"ஆல்பம் வேலை செய்கிற எல்லோரும் சொந்தமாக ஒரு பேனல் (திரையின் ஓரத்தில் நிற்கும் பட்டன் பலகை) வைத்துக்கொள்ள வேண்டும்" என்று வேறொரு திரியில் எழுதினேன். நாலு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அங்கே பேச்சு லென்ஸ் விலையைப் பற்றியது என்பதால் இதை இங்கே தனியாக வைக்கிறேன்.

கும்பகோணத்தில் சின்ன ஸ்டுடியோ எங்களுடையது. அண்ணன் படம் எடுப்பார், எடிட்டிங் முழுக்க நான். தை பிறந்தால் ஐந்தாறு கல்யாண ஆல்பம் ஒன்றாக வந்து நிற்கும். 12க்கு 36 அங்குல ஷீட், 300 ரெசல்யூஷன் என்றால் 10800க்கு 3600 பிக்சல். ஒவ்வொரு ஷீட்டிலும் அதே வேலைதான்: முகத்துக்கு ஸ்கின், வெளிச்சம், இருட்டு திருத்தும் டாட்ஜ் பர்ன் லேயர், கூறைப் புடவையின் சிவப்பைக் கொஞ்சம் இறக்குவது, கடைசியில் ஷார்ப்பன். மெனுவுக்குள் மெனுவாக நுழைந்து இதையெல்லாம் தேடுவதற்குப் பதில் 11 பட்டன் உள்ள ஒரு பேனலை நானே செய்து வலது ஓரத்தில் ஒட்டிவைத்தேன். கை தானாகப் போகிறது, கண் முகத்தை விட்டு நகர்வதில்லை. இதில் என்ன தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

பழையலேப்:
தப்பு ஒன்றும் இல்லை மேடம். வீடு நன்றாகத்தான் இருக்கிறது, கட்டிய இடம் புறம்போக்கு. அதைத்தான் அங்கேயும் சொன்னேன்.

கணக்கு பாருங்கள். 2008ல் ஃபோட்டோஷாப் சிஎஸ்4 வந்தபோது ஃப்ளாஷில் பேனல் செய்யலாம் என்றார்கள். கான்ஃபிகரேட்டர் என்று ஒரு இலவசக் கருவியும் அடோபி கொடுத்தது. பட்டனை இழுத்துப் போட்டால் போதும், நிரல் தெரியாதவர்கள்கூட பேனல் செய்தார்கள். 2014ல் சிசி 2014 பதிப்பில் ஃப்ளாஷ் பேனல் ஆதரவே எடுக்கப்பட்டது, கான்ஃபிகரேட்டரில் கட்டியது எல்லாம் அன்றோடு முடிந்தது. அதன் இடத்தில் எச்டிஎம்எல் வைத்து எழுதும் சிஇபி வந்தது. எல்லோரும் மறுபடி எழுதினார்கள். 2020 அக்டோபரில் ஃபோட்டோஷாப் 2021 வந்தபோது யுஎக்ஸ்பி என்று மூன்றாவது ஒன்று. பழைய பேனல்களை "லெகசி" என்ற பெயரோடு ஒரு மூலைக்குத் தள்ளினார்கள். ஆப்பிளின் எம்1 கணினியில் ஃபோட்டோஷாப்பை ரொசெட்டா (பழைய இன்டெல் மென்பொருளை ஓட்டும் வசதி) வழியாகத் திறந்தால்தான் அந்தப் பழைய பேனல் தெரியும் என்ற நிலைமை வந்தது.

ஆக்‌ஷன் (செய்த வேலையைப் பதிவு செய்து மறுபடி ஓட்டும் வசதி) வந்தது ஃபோட்டோஷாப் 4ல், 1996. என்னிடம் 7.0 காலத்தில் சேமித்த ஏடிஎன் கோப்பு (பதிவு செய்தது சேமிக்கப்படும் கோப்பு) ஒன்று இருக்கிறது. போன வாரம்கூட ஓட்டினேன். இத்தனைக்கும் பட்டன்தான் வேண்டும் என்றால் ஆக்‌ஷன் பேனலின் மூலை மெனுவில் "பட்டன் மோட்" இருக்கிறது. அழுத்தினால் கலர் கலராகப் பட்டன். இதற்குப் போய் எதற்கு நிரல்?

நிரல்வண்டு:
அண்ணாச்சி, வரலாறு சரி. முடிவு சரியில்லை.

ஆக்‌ஷன் ஒரு டேப் ரெக்கார்டர். பதிவு செய்ததை அப்படியே ஒப்பிக்கும், எதிரில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. ஃப்ரீக்வன்ஸி செப்பரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள், சருமத்தின் நிறத்தை லோ லேயராகவும் நுண்ணிய விவரத்தை ஹை லேயராகவும் பிரிப்பது. 8 பிட் (நிற ஆழம்) கோப்பில் அப்ளை இமேஜில் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. 16 பிட்டில் ஆட், இன்வர்ட் டிக், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. 8 பிட்டுக்குப் பதிவு செய்ததை 16 பிட்டில் ஓட்டிவிட்டால் அந்த இரண்டு லேயரும் சேர்ந்தும் மூலப்படத்தை அச்சு அசலாகத் திருப்பித் தராது. பேனலில் இருக்கும் நிரல் முதலில் பிட் எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

அப்புறம் பிளர் அளவு. மணமகள் க்ளோஸப்புக்கு வைத்த ரேடியஸ், மேடையில் இருபது பேர் நிற்கும் குரூப் படத்துக்கு எப்படிப் பொருந்தும்?

பழையலேப்:
தம்பி ஆக்‌ஷனைப் பாதிதான் பார்த்திருக்கிறது போல. ஆக்‌ஷன் மெனுவில் "இன்சர்ட் கண்டிஷனல்" பல வருடமாக இருக்கிறது. கோப்பு 8 பிட்டா 16 பிட்டா, படம் நெடுக்கா கிடையா என்று கேட்டு, ஆம் என்றால் ஒரு ஆக்‌ஷன், இல்லை என்றால் இன்னொன்று என ஓட்டும். பிளர் அளவுக்கு, அந்த வரிக்கு இடது பக்கம் உள்ள குட்டிக் கட்டத்தைச் சொடுக்கினால் போதும். அந்த இடத்தில் நின்று ரேடியஸ் கேட்கும், படத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

நிரல்வண்டு:
கண்டிஷனல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அந்த உதாரணத்தை வாபஸ் வாங்குகிறேன். 

ஆனால் அது கேட்கும் கேள்விகள் முன்பே எழுதிவைத்த ஒரு பட்டியல். "இந்த ஃபோல்டரில் எத்தனை படம், அதில் நெடுக்குப் படங்களை மட்டும் டெம்ப்ளேட்டின் நெடுக்குச் சட்டங்களில் வரிசையாக வை" என்று ஆக்‌ஷனிடம் சொல்ல முடியுமா? லேயர் பெயரைப் படித்து முடிவெடுக்கச் சொல்ல முடியுமா?

பழையலேப்:
அதற்கு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல் கோப்பு, இருக்கிறது. ஃபைல் மெனுவில் ஸ்கிரிப்ட்ஸ். ஒரு கோப்பு, ஒரு ஷார்ட்கட். பேனல் எதற்கு என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

முக்காலி:
இரண்டு பேரும் ஃபோட்டோஷாப்பை விட்டு வெளியே கொஞ்சம் எட்டிப் பாருங்கள். நான் கிம்ப், கிரிட்டா, டார்க்டேபிள் என்ற இலவசப் பட மென்பொருள்கள் மூன்றிலும் குடித்தனம் நடத்துபவன்.

கிரிட்டாவில் 2018ல் 4.0 வந்ததிலிருந்து பைத்தானில் எழுதிய பேனல் சொந்தப் பேனல் மாதிரியே ஒட்டிக்கொள்ளும், டாக்கர் என்பார்கள். கிம்ப்பில் பிளகின் (கூடுதல் வசதி நிரல்) எழுதலாம், ஆனால் அதன் சன்னலை ஓரத்தில் ஒட்ட முடியாது, தனியாகத் தொங்கும். அண்ணாச்சி சொன்ன புறம்போக்கு கதை இங்கேயும் உண்டு. 2025 மார்ச்சில் கிம்ப் 3.0 வந்தபோது பைத்தான் 2ல் எழுதிய பழைய பிளகின்கள் எல்லாம் படுத்துவிட்டன. ஒரே ஒரு வித்தியாசம்: அவற்றின் மூலநிரல் திறந்து கிடக்கிறது, தெரிந்தவர்கள் யாராவது தூக்கி நிறுத்துகிறார்கள்.

எனக்குப் பிடித்தது டார்க்டேபிள் வழி. 3.4 பதிப்பில் "விரைவுப் பேனல்" ஒன்று கொடுத்தார்கள். எந்த மாட்யூலின் எந்த ஸ்லைடர் வேண்டுமோ அதைப் பொறுக்கி ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வரி நிரல் கிடையாது. கேப்சர் ஒன் மென்பொருளில் டூல் டேபை நாமே அடுக்கிக்கொள்வதும் இதே ஜாதிதான். பேனல் என்றாலே நிரல் என்று நினைப்பது ஃபோட்டோஷாப்காரர்களின் வியாதி.

அகல்விளக்கு:
முக்காலி சொல்வது ரா படத்துக்கு (கேமராவின் பதப்படுத்தாத கோப்பு) சரி. ஆல்பம் டிசைனுக்கு லேயர் வேண்டும், அதனால் நான் ஃபோட்டோஷாப்பை விட்டு எங்கும் போக முடியாது.

ஸ்கிரிப்ட் போதுமே என்று அண்ணாச்சி கேட்டதற்கு என் அனுபவம். முதலில் நானும் ஸ்கிரிப்ட்டில்தான் செய்தேன். டயலாக் பெட்டி திறந்ததும் மற்றதெல்லாம் பூட்டிக்கொள்ளும். முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒரு எண்ணை மாற்றலாம் என்றால் பெட்டியை மூடித்தான் ஆக வேண்டும். மூடு, பெரிதாக்கு, பார், மறுபடி ஓட்டு. பேனல் அப்படியில்லை. அது பாட்டுக்கு ஓரத்தில் நிற்கும், நான் என் பாட்டுக்குப் படத்தில் பிரஷ் ஓட்டிக்கொண்டிருப்பேன், வேண்டும்போது அழுத்துவேன். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொன்றும் உண்டு. முப்பது வரி ஆக்‌ஷன் ஓடினால் ஹிஸ்டரியில் (செய்த படிகளை நினைவில் வைக்கும் பட்டியல்) முப்பது வரி தின்றுவிடும். அதற்கு முன்னால் செய்த பிரஷ் வேலைக்குத் திரும்பவே முடியாமல் போயிருக்கிறது. பேனலில் மொத்தத்தையும் ஒரே ஹிஸ்டரி வரியாகக் கட்டிவிடலாம். ஒரு கன்ட்ரோல் இசட், வேலை முடிந்தது.

பழையலேப்:
ஹிஸ்டரிக்கு மருந்து, ஆக்‌ஷனின் முதல் வரியாக ஒரு ஸ்னாப்ஷாட் (படத்தின் அப்போதைய நிலையைப் பிடித்துவைப்பது) வைப்பது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். 

டயலாக் பெட்டி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். அது எனக்கும் எரிச்சல்தான்.

என் உண்மையான பயத்தைச் சொல்கிறேன். எங்கள் கடையில் ஒரு பையன் இருந்தான், நல்ல கை. யாரோ ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கிய ஸ்கின் பேனலில்தான் ஒன்றரை வருடம் வேலை செய்தான். விற்றவர் ஒருநாள் காணாமல் போனார், அடுத்த அப்டேட்டில் பேனல் திறக்கவில்லை. பையனைக் கையால் செய்யச் சொன்னேன். லோ லேயர் எது, ஹை லேயர் எது என்றே தெரியவில்லை. பட்டன் பெயர்தான் தெரியும், அதற்குள் என்ன நடந்தது என்று தெரியாது. ஆக்‌ஷன் என்றால் முக்கோணத்தைச் சொடுக்கினால் ஒவ்வொரு வரியும் கண்ணுக்குத் தெரியும். நான் தொழில் கற்றதே அடுத்தவர் ஆக்‌ஷனைப் பிரித்துப் பார்த்துத்தான்.

புதுமுகம்:
அண்ணா, அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். டெலிகிராம் குழு ஒன்றில் 40 பேனல் உள்ள ஜிப் கோப்பு இலவசமாகக் கொடுத்தார்கள். போடுவதற்கு விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (கணினி அமைப்புகள் இருக்கும் இடம்) ஏதோ "பிளேயர் டீபக் மோட்" என்று 1 வைக்கச் சொல்கிறது. வைக்கலாமா?

நிரல்வண்டு:
வைக்காதே. இதில் அண்ணாச்சியும் நானும் ஒரே கட்சி என்று நினைக்கிறேன்.

அந்த 1 வைத்தால், கையொப்பம் இல்லாத எந்த சிஇபி பேனலையும் ஃபோட்டோஷாப் கேள்வி கேட்காமல் திறக்கும். சிஇபி பேனலுக்குள் ஒரு குரோமியம் உலாவியும், உலாவிக்கு வெளியே நிரல் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸும் உட்கார்ந்திருக்கின்றன. நோட் இருக்கிறது என்றால் உன் கணினியில் நீ திறக்க முடிகிற எந்தக் கோப்பையும் அது படிக்கலாம், இணையத்துக்கு அனுப்பலாம். உன் டிரைவில் இருப்பது அடுத்த வீட்டுக் கல்யாணப் படங்கள். நிரல் எழுதிப் பழகுகிறவன் தன் சொந்தப் பேனலைச் சோதிக்க அந்த 1ஐ வைக்கலாம், வேறு யாருக்கும் அது வேண்டாம்.

யுஎக்ஸ்பியில் இது கொஞ்சம் மேல். எந்த இணையதளத்தோடு பேச வேண்டும், கோப்புகளில் எவ்வளவு கை வைக்க வேண்டும் என்று பேனலோடு வரும் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் முதலிலேயே எழுதியாக வேண்டும்.

பழையலேப்:
இதில் ஒரே கட்சிதான். தம்பி புதுமுகம், அந்த ஜிப்பை அழித்துவிடு. 

ஆக்‌ஷன் பழகு. ஒன்று மட்டும் மனதில் வை: பதிவு ஓடும்போது லேயர் பேனலில் போய் லேயரைச் சொடுக்காதே. சொடுக்கினால் "லேயர் 1" என்ற பெயரையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளும், வேறு பெயர் இருக்கும் கோப்பில் சிக்கி நிற்கும். ஆல்ட்டோடு சதுர அடைப்புக்குறி விசையை அழுத்தி மேலே கீழே போ. அப்படிப் போனால் மேல் லேயர், கீழ் லேயர் என்றுதான் பதிவாகும்.

புதுமுகம்:
ஐயோ, என் ஆக்‌ஷன் எல்லாம் நிற்பது இதனால்தானா! நன்றி அண்ணாச்சி. ஜிப்பை அழித்துவிட்டேன்.

முக்காலி:
மூன்று மாதத்தில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிய ஆறு வருடம் ஆனது.

அகல்விளக்கு:
அண்ணாச்சி சொன்ன பையன் கதையை நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாரம் என் பேனலில் எந்தப் பட்டனை எத்தனை முறை அழுத்துகிறேன் என்று காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். 11ல் நான்குதான் ஓடியது. ஸ்கின், டாட்ஜ் பர்ன், சட்டத்தில் படம் வைப்பது, ஷார்ப்பன். மற்ற ஏழும் செய்யும்போது இருந்த ஆசையில் வைத்தவை. என் பழைய லேப்டாப் 1366க்கு 768 திரை, அதில் பாதிப் பேனல் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. எடுத்துவிட்டேன்.

ஆனால் நான்கையும் ஆக்‌ஷனுக்கு மாற்ற மாட்டேன். எஃப் விசையில் வைக்கலாம் என்பீர்கள். என் லேப்டாப்பில் அதற்கு எஃப்என் சேர்த்து அழுத்த வேண்டும், இடது கையால் முடியவில்லை.

நிரல்வண்டு:
அக்கா, ஒன்று செய்யலாம். யுஎக்ஸ்பி பேனலால் ஆக்‌ஷன் பேனலில் இருக்கும் ஆக்‌ஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்ட முடியும். ஸ்கின், டாட்ஜ் பர்ன், ஷார்ப்பன் மூன்றின் வேலையும் ஏடிஎன் கோப்பிலேயே இருக்கட்டும். பேனல் வெறும் பட்டன் பலகை. நாளைக்கு நான்காவதாக ஏதாவது வந்து யுஎக்ஸ்பி போனாலும் பலகையை மட்டும் மாற்றினால் போதும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியும் பிரித்துப் பார்க்கும்படி இருக்கும். சட்டத்தில் படம் வைப்பது ஒன்றுக்குத்தான் உண்மையான நிரல் வேண்டும்.

ஹிஸ்டரியை ஒரே வரியாகக் கட்டுவதைக் கூப்பிடுகிற இடத்திலேயே வைத்துப் பாருங்கள். சரியாக வரவில்லை என்றால் அந்த ஆக்‌ஷனை நிரலாக மாற்றிக்கொள்ளலாம். பிளகின் அமைப்பில் டெவலப்பர் மோடைப் போட்டுவிட்டால் ஆக்‌ஷன் பேனல் மெனுவில் "காப்பி ஆஸ் ஜாவாஸ்கிரிப்ட்" வரும். கையால் எழுத வேண்டிய வேலையில் பாதி குறையும்.

பழையலேப்:
இதைத்தானே நான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன், ஆக்‌ஷன் போதும் என்று.

நிரல்வண்டு:
அண்ணாச்சி, இதைத்தான் நானும் சொன்னேன், பேனல் வேண்டும் என்று.

பழையலேப்:
சரி, விடு. ஒரு சோதனைக்கு எனக்கு ஒரே ஒரு பட்டன் செய்து கொடு பார்க்கலாம். பாஸ்போர்ட் ஷீட். 35க்கு 45 மில்லிமீட்டர், 4க்கு 6 அங்குலப் பேப்பரில் எட்டு படம், நான்கு நான்காக இரண்டு வரிசை. என் ஆக்‌ஷன் 2009லிருந்து இதைச் செய்கிறது, உன் பட்டன் அதைவிட என்ன கூடுதலாகச் செய்யும் என்று காட்டு.

நிரல்வண்டு:
எட்டு படமும் ஒரே ஆளாக இல்லாமல், இரண்டு பேருக்கு நான்கு நான்கு என்று கேட்டால்?

பழையலேப்:
...கணவன் மனைவி சேர்ந்து வந்தால் அப்படித்தான் கேட்பார்கள். கையால்தான் மாற்றுவேன். செய்து அனுப்பு. பட்டனில் எழுத்து பெரிதாக இருக்கட்டும்.