என் வெள்ளைப் பெட்டைக்குக் குஞ்சுகள் என்ன நிறத்தில் வரும்?

நண்பர்களே, ஒரு உதவி. என் ரோட் ஐலண்ட் ரெட் (சிவப்பு இனம்) சேவலை பார்டு ராக் (வரியிட்ட இறகுள்ள இனம்) பெட்டையோடு சேர்த்தால் கணக்கு தெளிவு. வரி மரபணு, பெட்டை தன் சேவல் குஞ்சுகளுக்கு மட்டும் தரும் இசட் குரோமோசோமில் இருப்பதால் சேவல் குஞ்சுகளுக்கு மட்டும் வரி வரும். பொரித்த அன்றே கறுப்புத் தலையில் வெளிர் பொட்டு தெரியும். பார்க்கவே அவ்வளவு அழகு!

வெள்ளைக் கோழியிடம்தான் கணக்கு உதைக்கிறது. என் பெட்டை என்ன கலப்பு என்று தெரியவில்லை. லெகார்ன் இனத்தைப் போல ஓங்கு வெள்ளையா (ஒரு மரபணு இருந்தாலே வெள்ளை தெரியும்), அல்லது வேறு நிறத்தை மூடி வைத்திருக்கும் ஒடுங்கு வெள்ளையா (இரண்டு இருந்தால்தான் தெரியும்)? ஒடுங்கு வெள்ளையென்றால் இந்தச் சிவப்புச் சேவலுக்கு நிறக்குஞ்சுகளே வர வேண்டும். ஆனால் இவள் இறகில் அங்கங்கே பொடிக் கறுப்புத் திட்டுகள். ஓங்கு மரபணு ஒன்று மட்டும் இருந்தால் இப்படி ஆகுமாமே?

அடை வைக்கும் முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா? இல்லையென்றால், எத்தனை குஞ்சுகள் பார்த்தபின் உறுதியாகச் சொல்லலாம்? வெள்ளையைக் கலந்து வளர்த்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.