பழைய 911: வாங்கியாச்சு (புதுப்பிப்பு)

1999 மாடல் போர்ஷே 911, அதாவது 996 என்ற தலைமுறைக் கார், வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ‘ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங்) போனால் எஞ்சினே காலி’ என்று பாதிப் பேர் பயமுறுத்தினீர்கள். வாங்கிவிட்டேன்.

அந்த பேரிங்கை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கிளட்சுக்கும் அதே கதைதான். அதனால் கிளட்ச், பின்பக்க ஆயில் சீல், பேரிங் எல்லாம் ஒரே கூலியில் முடிந்தது. கழற்றிய ஆயில் ஃபில்டரை மெக்கானிக் அறுத்து, காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, காந்தத்தை வைத்துத் தடவினார். பேரிங் தேய்ந்திருந்தால் ஒட்டும் இரும்புத் தூள் இல்லை. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

முன் பம்பரைக் கழற்றினால் ரேடியேட்டர்களை அடைத்துக்கொண்டு ஈரச் சருகு! தண்ணீரில் குளிரும் முதல் தலைமுறை 911 இதுதான், பழைய காற்றுக்குளிர் வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. டயரில் பட்டன் நிறைய இருந்தது, ஆனால் பக்கவாட்டில் 2212. அதாவது 2012-ஆம் வருடம், 22-ஆவது வாரம் தயாரான பழைய டயர். நாலையும் மாற்றினேன், விலையைக் கேட்காதீர்கள்.

இதற்கு அடுத்த தலைமுறை 911-ஆன 997-ஐ வாங்கச் சொன்ன அண்ணனுக்கு: பிரிட்டனில் 2001 மார்ச்சுக்கு முன் பதிவான காருக்குச் சாலை வரி எஞ்சின் அளவைப் பார்த்துத்தான், கரியமில வாயுவைப் பார்த்து அல்ல. 2006 மார்ச் 23-க்குப் பின் பதிவானதென்றால் வரியே கையைக் கடிக்கும்.