லத்தீன் தெரியாத பொம்பளைகளுக்கு டெகார்த்த ஏன் அவ்வளவு புடிச்சுச்சு?

பாசிக்காரி மக, மண்டபம்:
எல்லாருக்கும் வணக்கம். கரஸ்ல எம்.ஏ. தத்துவம் படிக்கிறேன். 17ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல நெறையப் பொம்பளைக டெகார்த்ங்கிற பிரெஞ்சுத் தத்துவவாதி பக்கம் சாஞ்சாகன்னு பாடத்துல ஒரே ஒரு வரி வருது, ஏன்னும் இல்ல, யாருன்னும் இல்ல. எங்கம்மா விரல்ல துணியச் சுத்திக்கிட்டு கடல்ல முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போறவுக, பள்ளிக்கூடம் போனதே இல்ல, ஆனா காத்து வாடையா கச்சானான்னு பாத்துட்டு இன்னைக்குத் தண்ணி தெளிவா இருக்குமா கலங்குமான்னு காரணத்தோட சொல்லுவாக, அதனால எனக்கு இது பரீட்சைக் கேள்வி மட்டும் இல்ல. அந்தப் பொம்பளைக சும்மா படிச்சு ரசிச்சவுகளா, சொந்தமாவும் எழுதுனாகளா?

கீழக்கரை லாத்தா:
எழுதுனாகம்மா. அப்பல்லாம் படிப்புன்னாலே லத்தீன், யுனிவர்சிட்டியில பொண்ணுகளுக்கு இடமே கிடையாது. டெகார்த் 1637ல தன்னோட யோசிக்கிற முறையப் பத்துன புத்தகத்த பிரெஞ்சுலயே எழுதுனாரு, பொம்பளைகளுக்கும் கொஞ்சமாவது புரியணும்னு நெனச்சேன்னு ஒரு கடிதத்துல அவரே சொல்லியிருக்காரு. பழைய ஏட்டயெல்லாம் மனப்பாடம் பண்ணாதவளும் உக்காந்து யோசிச்சா உண்மையத் தொடலாம்னு அவரு முறை சொல்லுதுன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்! 1673ல புலேன் த லா பார்ங்கிறவரு இதப் புடிச்சுக்கிட்டு மனசுல ஆண் பெண் இல்லைன்னே எழுதிட்டாரு. எங்க உம்மாவோட உம்மா தமிழ அரபு எழுத்துல அழகா எழுதுவாக, கணக்கெடுக்க வந்தவரு எழுதப்படிக்கத் தெரியாதுன்னு குறிச்சுட்டுப் போயிட்டாரு, இப்ப நெனச்சாலும் மனசு வலிக்குது.

தொண்டி வாசகன்:
லாத்தா, ஒண்ணு சேத்துக்கங்க. டெகார்த்துக்கு முன்னாடியே 1622ல மாரி த கூர்னே ஆணும் பெண்ணும் சமம்னு எழுதிட்டாக. லத்தீன் மூலத்தையும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத் தானாவே லத்தீன் கத்துக்கிட்டவுக. அப்புறம் கப்ரியேல் சுஷோன், கன்னிமடத்துல இருந்து வெளிய வந்தவுக, 1693ல எழுதுனதுல சுதந்திரம், கல்வி, அதிகாரம் மூணையும் பறிச்சு வச்சதுதான் பெண்ணோட குறை, பிறப்புல வந்த குறை இல்லைன்னு வாதாடுறாக. எனக்கு இவுகதான் எல்லாரையும் விடப் பெருசாத் தெரியிறாக.

ரசிகைன்னு கேட்டியே தங்கச்சி, எலிசபெத்தப் படி. பிரெஞ்சுக்காரி இல்ல, நாட்டை இழந்து ஹாலந்துல இருந்த இளவரசி, ஆனா கடிதமெல்லாம் பிரெஞ்சுலதான். 1643 மே மாசம் டெகார்த்துகிட்டயே கேக்குறாக: எடமே அடைக்காதுன்னு நீங்க சொல்ற ஆன்மா எப்படி உடம்ப அசைக்கும்? அவரு சொன்ன பதில் இவுகளுக்குத் திருப்தியா இல்ல, திரும்பவும் கேட்டாக.

பாசிக்காரி மக, மண்டபம்:
ரொம்ப நன்றி லாத்தா, அண்ணே. ராத்திரி அம்மா விரல்ல கீறலுக்கு மஞ்சள் வச்சுக்கிட்டு இருக்கயில எலிசபெத் கேள்வியச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், “முங்கி இருக்கயில மூச்சு முட்டுனா புத்தியே கலங்கிப் போகுதே, உடம்பு எப்படி மனசப் புடிச்சு ஆட்டுது, அதையும் அந்தப் புள்ள கேட்டுச்சா?”ன்னாக.

தொண்டி வாசகன்:
கேட்டாக. அடுத்த மாசமே, ஜூன் கடிதத்துல. நல்லா யோசிச்சுப் பழகுன ஆன்மா உடம்புல ஒரு கோளாறு வந்தா அந்தத் தெளிவ ஏன் இழக்குதுன்னு. அம்மாகிட்ட சொல்லு.