அஃபேசியா ஸ்கோர் 94.8, ஆனால் வீட்டில் 'பேச்சு சரியில்லை' என்கிறார்கள்

குறில்நெடில்:
58 வயது, மளிகைக்கடைக்காரர். இடப்பக்க மூளையில் ஸ்ட்ரோக் வந்து 5 மாதம். வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரியில் (மூளைப் பாதிப்பால் வரும் மொழிக் குறைபாடான அஃபேசியாவை அளக்கும் டெஸ்ட்) தன்னிச்சைப் பேச்சு 20-க்கு 19; மற்றவை 10-க்கு: புரிதல் 9.8, திரும்பச் சொல்லுதல் 9.4, பெயர் சொல்லுதல் 9.2. கூட்டி இரண்டால் பெருக்கினால் 94.8. கட்-ஆஃப் 93.8, அதற்குக் கீழே வந்தால்தான் அஃபேசியா என்று கணக்கு. ஆனால் மொத்த வியாபாரியிடம் போனில் பேசும்போது பாதியில் நின்றுவிடுகிறார் என்கிறார் மனைவி. 'அஃபேசியா இல்லை' என்று ரிப்போர்ட் எழுதலாமா?

ஒற்றெழுத்து:
எழுதாதீங்க. லேசான அஃபேசியா இந்த டெஸ்டில் நழுவிப் போவது தெரிந்த விஷயம்தான். முதலில் பெயர் சொல்லுதலைப் பிரித்துப் பாருங்கள் (9.2 என்பது 100-க்கு 92): பொருட்கள் 60, ஒரு நிமிடத்தில் விலங்குப் பெயர்கள் 20, வாக்கியத்தை முடிப்பது 10, கேள்விக்குப் பதில் 10. போன 8 மார்க்கும் விலங்குகளில்தான் என்றால் 12 பெயர்தான் வந்திருக்கிறது. மொத்த ஸ்கோரில் அது வெறும் 1.6 புள்ளியாகக் கரைந்துவிடும்.

அடுத்தது நேரம். பொருளின் பெயரை 20 விநாடிக்குள் சொன்னால் முழு 3 மார்க். 2 விநாடியில் சொன்னாலும் 15 விநாடியில் சொன்னாலும் அதே 3. போனில் 15 விநாடி மௌனம் என்றால் எதிர்முனை 'ஹலோ, ஹலோ' என்று கத்தி வைத்துவிடும். அதனால் ஸ்டாப்வாட்ச் வைத்து, ஒவ்வொரு பதிலின் தாமதத்தையும் ஓரத்தில் குறியுங்கள்.

பிறகு தொடர்பேச்சு. ஒரே ஒரு படத்தைக் காட்டி விவரிக்கச் சொல்வது போதாது. பேசவைக்க நாலைந்து படமோ கேள்வியோ கொடுத்து, மொத்தம் 300 சொல்லுக்குக் குறையாமல் பதிவு செய்து, நிமிடத்துக்கு எத்தனை சொல், அதில் பொருத்தமான தகவல் தரும் சொல் எத்தனை சதவீதம் என்று எண்ணுங்கள். அவற்றில் குறைந்தது ஒன்று முகம் பார்க்காத போன் உரையாடலாக இருக்கட்டும்: 'துவரம்பருப்பு மூட்டை ரெண்டு குறையுது, எப்ப அனுப்புவீங்க?'

வட்டாரவழக்கு:
எண்ணுவதில் ஒரு சிக்கல். 'போய்க்கிட்டிருந்தேன்' ஒரு சொல்லா, மூன்றா? ஆங்கிலத்துக்கான நிமிடக் கணக்கை இங்கே ஒப்பிடவே கூடாது. ஏதாவது ஒரு விதியை எழுதி வைத்துக்கொண்டு, அதே ஆளின் முன்-பின் பதிவுகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

திரும்பச் சொல்லுதலில் போன 6 மார்க்கையும் ஒருமுறை பாருங்கள். சொல்லுக்கு 2 மார்க், அதாவது மூன்று சொல். நீங்கள் 'வரவில்லை' என்று படிக்க, அவர் 'வரல' என்றதற்கு வெட்டியிருந்தால் அது தவறு. பேச்சுவழக்கு உச்சரிப்பைச் சரி என்றே எடுக்க வேண்டும். 'வாளப்பளம்' என்பதும் பிழையல்ல, ஸ்ட்ரோக்குக்கு முன்பும் அப்படித்தானே சொன்னார் என்று வீட்டில் கேளுங்கள். 'பாழவ்வழம்' என்று ஒலி இடம் மாறினால்தான் பிழை.

வலப்புறம்:
புரிதல் 9.8 வந்ததால் அதை விட்டுவிட வேண்டாம். வேற்றுமை உருபை நம்பியே புரிய வேண்டிய வாக்கியம் கொடுங்கள்: 'பூனைய நாய் துரத்துது', 'நாயப் பூனை துரத்துது'. இரண்டு படத்தையும் பக்கவாட்டில் வைக்காமல் மேலும் கீழுமாக வையுங்கள். வலப்பக்கப் பார்வை குறைந்திருந்தால் பக்கவாட்டில் வைப்பது ஏமாற்றிவிடும். கேட்புச் சோதனை முடிந்ததா? போனில் மட்டும் சிரமம் என்றால் அதுதான் முதல் கேள்வி.

இன்னொன்று: சிகிச்சையில் முன்னேற்றம் என்று சொல்ல ஸ்கோர் குறைந்தது 5 புள்ளி ஏறணும் என்பது வழக்கம். இவருக்கு 100 வரை இருப்பதே 5.2தான். அதனால் முன்னேற்றத்தை ஒப்பிட தொடர்பேச்சு எண்ணிக்கையையே தொடக்க அளவாக வையுங்கள். கூடவே வாழ்க்கைத்தரத்துக்கு எஸ்.ஏ.க்யூ.ஓ.எல்.-39, மனநிலைக்கு ஜி.எச்.க்யூ.-12 என்ற கேள்வித்தாள்களையும் கொடுங்கள். அஃபேசியா ஆய்வுகளுக்குப் பொதுவாக இவற்றை வைக்கலாம் என்று 2019-ல் ஒத்துக்கொண்ட தொகுப்பில் இரண்டும் உண்டு.

குறில்நெடில்:
பிரித்துப் பார்த்தேன். விலங்குகள் 12தான். 'வரல'வுக்கு வெட்டிய 2 மார்க்கைத் திருப்பிக் கொடுத்தால் 9.6, மொத்தம் 95.2 ஆகிறது. சிரமம் அப்படியே இருக்க, ஸ்கோர் மட்டும் ஏறுகிறது! கேட்புச் சோதனை செய்யவில்லை, அதை முதலில் முடித்துவிட்டு போன் உரையாடலைப் பதிவு செய்கிறேன்.