பொருள்: 'பசி தாங்க வைக்கும்' இரத்தக் கொழுப்புகளுக்கு ஒரு சொல் தேவை (வெள்ளிக்கு முன்)

ஹட்டனிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்துக் கிளினிக்குகளில் நீரிழிவு, கொலஸ்திரோல் உள்ளவர்களுக்குக் கொடுக்க நாலு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காலையில் ஓட்ஸ் கஞ்சி குடித்தால் ஏன் சீக்கிரம் பசிப்பதில்லை என்பதுதான் இரண்டாம் பக்கம். நார்ப்பொருளில் சிக்கல் இல்லை. ஓட்ஸின் நாரான பீற்றா குளுக்கன் வயிற்றில் கூழ்போலத் தடித்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. நாளுக்கு 3 கிராம் அளவில் தொடர்ந்து சேர்த்தால் கொலஸ்திரோலும் குறைகிறது. இதெல்லாம் எழுதிவிட்டேன்.

அடுத்த பந்தியில் நிற்கிறேன். நாம் உண்ணும் கொழுப்பிலிருந்து சிறுகுடல் சில நுண்ணிய கொழுப்புப் பொருட்களைச் செய்கிறது. 'போதும்' என்ற செய்தி மூளைக்குப் போக அவை உதவுகின்றன. இரத்தத்திலும் அவற்றை அளக்கலாம். ஒலியோயில் எதனோலமைட்டு இவற்றில் முக்கியமானது. இந்த வகைக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும். 'நிறைவுக் கொழுப்பு' என்று எழுதலாமா?

தலவாக்கலையிலிருந்து

வேண்டாம் அக்கா. உயர்தர உயிரியல் படித்த பிள்ளைக்கு 'நிரம்பிய கொழுப்பமிலம்' தெரியும். இந்தியப் புத்தகங்களில் அதுவே 'நிறைவுற்ற கொழுப்பு'. உங்கள் பிரசுரத்திலேயே வேறொரு பக்கத்தில் நிரம்பிய கொழுப்பைக் குறையுங்கள் என்று கட்டாயம் வரும். இரண்டாம் பக்கத்தில் நிறைவுக் கொழுப்பு நல்லது என்றால் வாசிக்கிறவர் எதை நம்புவார்? அதிலும் ஒலேயிக்கமிலம் ஓர் இரட்டைப் பிணைப்பு உள்ள நிரம்பாத அமிலம். அதிலிருந்து வருகிற பொருளுக்கு 'நிறைவு' என்று பெயர் வைத்தால் வகுப்பில் நான் தினமும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

ஒலியோயில் எதனோலமைட்டின் வேலை எலிகளில் 2001இல் காட்டப்பட்டது. பட்டினி போட்டபோது சிறுகுடலில் இதன் அளவு இறங்கியது, தீனி கொடுத்ததும் ஏறியது. 2003இல் இது பற்றிக்கொள்ளும் வாங்கியும் (செய்தியை ஏற்கும் கலப் புரதம், receptor) அடையாளம் காணப்பட்டது. ஆகவே 'திருப்தி இலிப்பிட்டு' என்பது என் முன்மொழிவு. பாடநூலில் lipid என்பதற்கு இலிப்பிட்டு ஏற்கெனவே இருக்கிறது.

கண்டியிலிருந்து

தம்பி, ஒரு பாதி வடமொழி, மறு பாதி ஆங்கில ஒலி. இரண்டையும் ஒட்டிவிட்டுத் தமிழ்க் கலைச்சொல் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காபோவைதரேற்று, இலிப்பிட்டு என்று வல்லின ஈறு ஒட்டிப் பழகியே நம் பிள்ளைகள் வேதியியலை மனப்பாடப் பாடமாக்கிக்கொண்டார்கள். இலிப்பிட்டுக்குக் கொழுமியம் என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆர்தல் என்றால் நிரம்ப உண்ணுதல். வயிறார உண்டேன் என்று இன்றும் சொல்கிறோம். ஆர்கொழுமியம்: ஆர்ந்த, ஆர்கின்ற, ஆரும் என முக்காலமும் விரியும் வினைத்தொகை. ஓட்ஸையும் காடைக்கண்ணி என்றே எழுதுங்கள்.

பதுளையிலிருந்து

ஆர் என்ற வேர் எனக்கு மிகவும் பிடித்தமானது. வயிறார, மனமார, கண்ணார, நாவார எல்லாம் அதன் பிள்ளைகள். ஆனால் ஆர் என்றால் ஆத்திமரமும்தான், சோழன் சூடிய மாலை. ஆர்த்தல் என்றால் ஆரவாரித்தல். ஆர்கலி என்றால் கடல். இத்தனை பேர் குடியிருக்கும் வீட்டில் புதிதாக ஒருவரைக் குடிவைக்கும்போது யோசிக்க வேண்டும்.

நிறைவு இல்லாத பசிக்கு நம் இலக்கியத்தில் ஒரு பெயரே உண்டு: யானைத்தீ. மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த நோய் அது. எவ்வளவு உண்டாலும் அடங்காது, பன்னிரண்டு ஆண்டுச் சாபம். மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட சோற்றில்தான் அது தீர்ந்தது. பசியைத் தீ என்று கண்ட மரபு நம்முடையது. தீ என்ன ஆகும்? தணியும். முருகன் சினம் தணிந்த இடம் தணிகை. ஆகவே 'தணிகொழுப்பு' என்று வைக்கலாம்.

தீயை ஒட்டி இன்னொன்றும் சொல்லலாம். வயிற்றுத் தீ என்ற வழக்கை வைத்துத்தான் 'தீயளவு' என்று குறளின் மருந்து அதிகாரமும் பேசுகிறது. அதை விரித்தால் நீண்டுவிடும், நாளை தனி மடலில் எழுதுகிறேன்.

பண்டாரவளையிலிருந்து

ஐயா, தனி மடலுக்குக் காத்திருக்கிறேன். கிளினிக் மேசையிலிருந்து சில விஷயங்கள்.

எங்களிடம் வருகிறவர்களுக்குக் 'கொழுப்பு' என்றால் கொலஸ்திரோல் ஒன்றுதான். 'கொழுப்பு இருக்குதுன்னு சொல்லிட்டாங்க டொக்டர்' என்று பயந்துகொண்டு வருவார்கள். இரத்தத்தில் கொழுப்பு கூடினால் நல்லது என்று அரை வரி படித்தாலும் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். எனவே கொழுப்பு என்ற சொல் தனியாக நிற்கக் கூடாது.

யாராவது 'பசியடக்கி' என்று சொல்வதற்கு முன் நானே மறுத்துவிடுகிறேன். அது உடம்பு மெலிய விற்கும் மருந்தின் பெயர்போல இருக்கிறது. 'பசியின்மை' ஒரு நோய்க்குறி, அதுவும் வேண்டாம்.

இன்னொன்று. இதே குடும்பத்தில் நேர்மாறான ஒரு பொருளும் இருக்கிறது. 1992இல் ஜெருசலேமில் கண்டறிந்தவர்கள் நம் ஆனந்தம் என்ற சொல்லையே எடுத்து அதற்கு அனந்தமைட்டு என்று பெயர் வைத்தார்கள். அது பசியைத் தூண்டக்கூடியது. ஆகவே எந்தப் பெயர் வைத்தாலும் குடும்பம் முழுவதற்கும் வைக்காதீர்கள். பசியைத் தணிக்கும் உறுப்பினர்களுக்கு மட்டும் வையுங்கள்.

கடைசியாக, ஓட்ஸ் குடித்தால் எல்லோருக்கும் இரத்தத்தில் இது ஏறிவிடும் என்று எழுத வேண்டாம் அக்கா. அரிசி, கோதுமையைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம், அதில் பெரும்பகுதி ஒலேயிக், லினோலேயிக் அமிலங்கள், குடல் இந்தப் பொருட்களைச் செய்வது இப்படிப்பட்ட அமிலங்களிலிருந்து. அந்த அளவோடு நிற்பது நேர்மையானது.

கொட்டகலையிலிருந்து

நான் குடும்பநல உத்தியோகத்தர். இலக்கணம் அவ்வளவு தெரியாது, ஆனால் இந்தப் பிரசுரத்தைக் கையில் வைத்து வாசித்துக் காட்டப்போவது என்னைப்போன்றவர்கள்தான். எங்கள் லயங்களில் இதற்குச் சொல் இருக்கிறது. காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிறவர்கள் ஏன் ரொட்டியும் சம்பலும் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். 'பாண் தின்னா பத்து மணிக்கே வயிறு கேக்கும், ரொட்டி பசி தாங்கும்' என்பார்கள். பகலுக்குக் கொழுந்து நிறுக்கும் வரைக்கும் தாங்க வேண்டும், அதுதான் கணக்கு. குரக்கன் (கேழ்வரகு) ரொட்டிக்கும் இதையே சொல்வார்கள். பசி தாங்கும் என்ற சொல்லை விட்டுவிட்டு ஏன் தேடுகிறீர்கள்? காடைக்கண்ணி என்று கேட்டால் எங்கள் கடையில் ஒன்றும் கிடைக்காது. ஓட்ஸ் என்றே இருக்கட்டும்.

தலவாக்கலையிலிருந்து

அருமை. அப்படியானால் 'பசிதாங்கி'! சுமைதாங்கி, இடிதாங்கி மாதிரி. திருப்தி இலிப்பிட்டை நான் வாபஸ் வாங்குகிறேன்.

கண்டியிலிருந்து

சுமைதாங்கி சுமையை ஏற்கிறது, இடிதாங்கி இடியை ஏற்கிறது. அந்தக் கணக்கில் பசிதாங்கி என்றால் பசியை ஏற்பவர். 'அவன் பசி தாங்கமாட்டான்' என்று சொல்வது ஆளைத்தானே?

கொட்டகலையிலிருந்து

ஆளைச் சொன்னால் அப்படி. சாப்பாட்டைச் சொன்னால் வேறு. 'ரொட்டி பசி தாங்கும்' என்னும்போது ரொட்டிக்குப் பசிக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை.

பதுளையிலிருந்து

மகள் சொல்வது இலக்கணப்படியும் சரியே. எழுவாய் மாறினால் தாங்குதலின் பொருளும் மாறுகிறது. சுமைதாங்கியும் சுமப்பவருக்காகச் சுமையை ஏற்று நிற்கும் கல். கருவோடு இறந்த பெண்ணின் நினைவாக வழியோரத்தில் அதை நட்டு வைத்தார்கள், அதில் எத்தனை கருணை இருக்கிறது!

ஆனாலும் 'பசிதாங்கி' என்று ஒற்றைச் சொல்லாக நிற்கும்போது என் மனம் ஒப்பவில்லை. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்கள் உண்டு. மாவுக்கு வரிசையில் நின்ற சனத்தை நான் பார்த்திருக்கிறேன். பசியைத் தாங்கியவர்கள் அவர்கள். அந்தச் சொல்லை ஓர் இரசாயனப் பொருளுக்குக் கொடுக்க என்னால் முடியாது. வாக்கியத்துக்குள் 'பசி தாங்கும்' என்று வினையாக வரட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

பண்டாரவளையிலிருந்து

ஐயாவின் பேச்சுக்குப் பிறகு நானும் அந்தப் பெயரைக் கேட்கமாட்டேன். வினையாக எழுதுவதே நோயாளிக்கும் விளங்கும்.

ஹட்டனிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள், ஆகவே இப்படி அனுப்புகிறேன்:

'ஓட்ஸில் உள்ள நார் வயிற்றில் கூழாகி நிற்பதால் பசி தாங்கும். ஓட்ஸில் நல்ல கொழுப்பும் கொஞ்சம் உண்டு. இப்படிப்பட்ட கொழுப்பிலிருந்து நம் குடல், பசியைத் தணிக்கும் சில பொருட்களைச் செய்கிறது. இவை கொலஸ்திரோல் அல்ல. மாத்திரையை நிறுத்த வேண்டாம்.'

பிரசுரத்தில் பெயரே இல்லை. ஆசிரியர் கைநூலுக்குப் 'பசிதணி இலிப்பிட்டு' என்று வைத்துக்கொள்ளலாம் என்று மூன்று பேர் தனியாக எழுதியிருக்கிறார்கள். பதுளை ஐயாவின் தணியும் தலவாக்கலைத் தம்பியின் இலிப்பிட்டும் அதில் சேர்ந்திருக்கின்றன. மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

கண்டியிலிருந்து

மறுப்பு இருக்கிறது. பசிதணி சரி, மனதார ஏற்கிறேன். இலிப்பிட்டு சரியில்லை. பசிதணி கொழுமியம் என்று என் பெயரில் ஓர் அடிக்குறிப்பாவது போடுங்கள். கைநூலின் அடுத்த பதிப்பு வரும்போது திரும்பவும் கேட்பேன்.

தலவாக்கலையிலிருந்து

அடிக்குறிப்பு போடலாம் ஐயா. ஆனால் பரீட்சைத் தாளில் இலிப்பிட்டு என்றுதான் வரும், பிள்ளைகள் அதற்குத்தான் எழுத வேண்டும்.