நூனன் குடித்திருந்தாரா? கட்டுரையில் அந்த வரியைச் சேர்க்கலாமா?

கயல்விழி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி மாணவர் இதழுக்காக அமெரிக்கப் பெண் விமானி அமீலியா எர்ஹார்ட் பற்றி எட்டுப் பக்கக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1937-இல் உலகைச் சுற்றிப் பறக்கப் புறப்பட்டு, கராச்சி, கல்கத்தா, ரங்கூன் எல்லாம் தாண்டி வந்து, ஜூலை 2-ஆம் தேதி பசிபிக் பெருங்கடலில் காணாமல்போனவர். ஏழு பக்கங்களை முடித்துவிட்டேன். 'என்ன ஆயிற்று?' என்ற எட்டாவது பக்கத்தில்தான் நிற்கிறேன்.

மூன்று வாரமாக இணையத்தில் தேடிப் படித்ததில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. உடன் பறந்த வழிகாட்டி பிரெட் நூனன் குடிகாரர். நியூகினியின் லே நகரில் கடைசி இரவும் குடித்தார். அந்த மயக்கத்தில் கணக்குப் பிசகி, அடுத்து இறங்க வேண்டிய ஹவ்லண்ட் தீவைத் தவறவிட்டார் என்கிறார்கள். சான்றாக, லேயிலிருந்து எர்ஹார்ட் அனுப்பிய தந்தியைக் காட்டுகிறார்கள். வானொலிக் குழப்பமும் 'ஆட்கள் தகுந்த நிலையில் இல்லாமையும்' ஒரு நாள் தாமதப்படுத்தக்கூடும் என்று அதில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு தெளிவான காரணம் சொன்னால் மனத்தில் நிற்கும். குடியின் கேட்டையும் சொன்னதாக இருக்கும். ஆனால் எழுதப் பேனாவை எடுத்தால் கை தயங்குகிறது. கடல், விமானம் பற்றித் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

தேடல்மணி:

தயங்காமல் எழுதுங்கள் டீச்சர். நெருப்பில்லாமல் புகையுமா? இத்தனை பேர் சொல்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கத்தான் வேண்டும். அவர்கள் ஜப்பானியரிடம் சிக்கினார்கள் என்பதற்குப் புகைப்படமே வந்தது. கடலடியில் விமானம் போன்ற உருவம் சோனாரில் (ஒலியலையால் கடலடியைப் படமெடுக்கும் கருவி) தெரிந்ததையும் பார்த்தோம். எலும்பு 99 சதவீதம் அவருடையதே என்றும் சொல்லிவிட்டார்கள். மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வருகிறது.

பழைய மாலுமி, தூத்துக்குடி:

அம்மா, அந்த வரியை எழுதாதீர்கள். உங்கள் கை தயங்கியது சரிதான்.

நான் 31 ஆண்டுகள் சரக்குக் கப்பலில் இருந்தவன். இரண்டாம் அதிகாரியாக இருந்த காலத்தில் வழி கணிப்பது என் பொறுப்பு. அப்போது ஜிபிஎஸ் கிடையாது. செக்ஸ்டன்ட் (சூரியன், விண்மீன்களின் உயரக் கோணத்தை அளக்கும் கருவி), கடற்பயணப் பஞ்சாங்கம், குரோனோமீட்டர் (மிகத் துல்லியமான கடிகாரம்), பென்சில் ஆகிய இந்த நான்கையும் நம்பித்தான் வங்கக் கடலையும் அட்லாண்டிக்கையும் கடந்தோம். நூனன் கையில் இருந்தவையும் ஏறக்குறைய இவைதாம். அவரும் சிறு வயதிலேயே கப்பலேறிய மாலுமி. பிறகு பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமான வழிகாட்டியானார். 1935 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மணிலாவுக்குச் சென்ற 'சைனா கிளிப்பர்' விமானத்துக்கு வழி சொன்னவர் அவரே. நடுக்கடலில் கடுகுபோல் கிடக்கும் வேக் தீவைக் கண்டுபிடித்து இறங்க வைத்த கை அது.

அந்தத் தந்தியை இன்னொரு முறை படியுங்கள். அதில் நூனன் பெயர் இருக்கிறதா? 'ஆட்கள்' என்றுதான் இருக்கிறது. விமானத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒரு மாதமாக ஓயாமல் பறந்து வந்தவர்கள். அதில் யாருக்கு உடம்பு சரியில்லை, என்ன கோளாறு என்று தந்தி சொல்லவில்லை. அங்கே மது பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தது பின்னால் வந்தவர்கள்.

இப்போது குரோனோமீட்டரைப் பற்றிச் சொல்கிறேன். விஷயமே இதில்தான் இருக்கிறது.

வரைபட மேசைக்குப் பக்கத்தில் கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி. உள்ளே பித்தளை வளையங்களில் தொங்கும் கடிகாரம். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதன் முகம் மேலேயே பார்த்திருக்கும். தினமும் ஒரே நேரத்தில் அதை மெல்லக் கவிழ்த்து, அடியில் சாவியைப் பொருத்தி, ஏழரைச் சுற்றுச் சுற்றுவேன். விரல் ஒரு கணக்கு எண்ணும், உதடு ஒரு கணக்கு எண்ணும். அப்புறம் வானொலியில் நேரக் குறியொலிக்குக் காத்திருப்பேன். கடிகாரம் இத்தனை வினாடி முந்துகிறது, இத்தனை வினாடி பிந்துகிறது என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரண்டு வினாடி பிந்துகிறது என்று தெரிந்துவிட்டால் பயமே இல்லை, கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். எவ்வளவு என்று தெரியாவிட்டால்தான் தூக்கம் போய்விடும். நிலநடுக்கோட்டுக்கு அருகே நான்கு வினாடி பிசகு என்றால் கிழக்கு மேற்காக ஒரு கடல் மைல் பிசகு. அரை நிமிடத்துக்கு ஏழரை மைல்.

லேயில் நூனனுக்கு இந்தக் கவலைதான் இருந்தது. வானொலி சரியாகக் கேட்காததால் குரோனோமீட்டரைச் சரிபார்க்க முடியவில்லை என்று எர்ஹார்ட்டே ஜூலை 1-ஆம் தேதி தந்தி கொடுத்திருக்கிறார். அந்த இரவு என்ன நடந்தது என்பதற்கு, லேயில் விமான நிறுவன மேலாளராக இருந்த எரிக் சேட்டர் அதே மாதம் எழுதிய கடிதம் இருக்கிறது. நேரக் குறியொலி கிடைக்க வேண்டும் என்று நூனன் துடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இரவு 10.20 மணிக்குத் தெளிவாகக் கிடைத்திருக்கிறது. காலை 8 மணிக்கு இன்னொரு முறை சரிபார்த்திருக்கிறார். இரண்டு முறையும் ஒரே விடை: கடிகாரம் 3 வினாடி பிந்துகிறது. 10 மணிக்கு விமானம் கிளம்பிவிட்டது.

குடித்து மயங்கிக் கிடந்தவர் செய்கிற வேலையா இது? இரவு பத்தரைக்குப் பக்கத்தில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து வினாடியைப் பிடித்திருக்கிறார். விடிந்ததும் அதையே மறுபடி சோதித்திருக்கிறார். இதைப் படித்தபோது, முன்பின் பார்த்திராத அந்த மனிதரை நான் அடையாளம் கண்டுகொண்டேன்.

தீவு எப்படித் தவறியது என்றால், அதற்குக் காரணம் தேடிக் குடிவரை போக வேண்டியதில்லை. ஹவ்லண்ட் இரண்டரைக் கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத அகலம். மரமில்லாத தட்டை மணல். அன்றைய வரைபடத்தில் அதன் இடமே சுமார் 5 கடல் மைல் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தது. இருபது மணி நேரம் காற்று தள்ளியிருக்கும். அதிகாலைச் சூரியன் எதிரே. கடல்மீது மேக நிழல் விழுந்தால் ஒவ்வொரு நிழலும் ஒரு தீவு மாதிரித் தெரியும். கப்பலிலிருந்தே நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன். ஆனாலும் நூனன் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். காத்திருந்த 'இட்டாஸ்கா' கப்பலில் அவர்கள் குரல் அவ்வளவு பலமாகக் கேட்டிருக்கிறது. கடைசிச் செய்தியில் சொன்ன '157-337 கோடு' சூரியன் உதித்த திசைக்குச் செங்குத்தான கோடு. சூரியனை அளந்து, கணக்குப் போட்டு, அந்தக் கோட்டின் மேல் வடக்கும் தெற்குமாகத் தீவைத் தேடியிருக்கிறார்கள். கடைசிவரை முறைப்படி வேலை செய்திருக்கிறார்.

நான் இவ்வளவு மன்றாடுவதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. 1994-இல் பிஸ்கே வளைகுடாவில் எங்கள் கப்பலிலிருந்து ஒருவர் இரவில் கடலில் விழுந்துவிட்டார். எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அலை அடித்து முன்தளத்தில் ஒரு கதவு விடாமல் மோதிக்கொண்டிருந்தது. கட்டிவிட்டு வருகிறேன் என்று போனார். கப்பலைத் திருப்பி விடியும்வரை விளக்கடித்துத் தேடினோம். நான் ஊர் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் குடித்துவிட்டு விழுந்தார் என்று ஊரில் முடிவே கட்டிவிட்டார்கள். அந்த மனிதர் பீர்கூடத் தொட்டதில்லை. அவர் மனைவி என்னைக் கேட்ட முதல் கேள்வி, "நீங்களாவது சொல்லுங்கள் அண்ணே, குடித்திருந்தாரா?" என்பதுதான். எப்படி இறந்தார் என்று கேட்கவில்லை. அதைக் கேட்க அவருக்கு ஊர் இடமே விடவில்லை.

நூனனுக்கும் மனைவி இருந்தார். அந்த மார்ச் மாதத்தில்தான் திருமணம் நடந்திருந்தது.

தம்பி தேடல்மணிக்கு. நீங்கள் சொன்ன புகைப்படம் 2017-இல் வந்தது. ஜப்பானிய வலைப்பதிவர் ஒருவர் நூலக இணையதளத்தில் அரை மணி நேரம் தேடி, அதே படம் 1935-இல் அச்சான புத்தகத்தில் இருப்பதைக் காட்டிவிட்டார். அவர்கள் காணாமல்போவதற்கு இரண்டு ஆண்டு முன்பே எடுத்த படம். சோனார் உருவம் 2024 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் போய்ப் பார்த்தால் பாறை. எலும்பு விஷயம் 1940-இல் நிக்குமரோரோ தீவில் கிடைத்தவை பற்றியது. அந்த எலும்புகளே தொலைந்துபோய்விட்டன. மிஞ்சியவை 1941-இல் மருத்துவர் குறித்துவைத்த அளவுகள் மட்டுமே. ஒப்பிட்ட தொகுப்பில் இருந்தவர்களில் 99 சதவீதம் பேரைவிட எர்ஹார்ட்டின் அளவு அவற்றுக்கு நெருக்கம் என்பதுதான் 2018 ஆய்வின் முடிவு. '99 சதவீதம் உறுதி' என்பது வேறு பேச்சு.

வானொலி வேலு:

மாலுமி ஐயா விட்ட இடத்திலிருந்து இரண்டு வார்த்தை. நான் அமெச்சூர் வானொலிக்காரன்.

எங்களுக்குள் ஒரு போட்டி நடத்துவோம். யாராவது ஒரு சிறிய ஒலிபரப்பியை ஒளித்துவைப்பார்கள். வளைய ஆன்டெனாவைச் சுழற்றிச் சுழற்றித் தேட வேண்டும். சத்தம் கூடுகிற இடத்தை யாரும் நம்பமாட்டோம். சத்தம் சட்டென்று செத்துப்போகிற ஒரு புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளிதான் திசை சொல்லும். எர்ஹார்ட் கடைசியில் சொன்ன செய்திகளில் ஒன்று இதுதான்: உங்கள் ஒலி கேட்கிறது, ஆனால் அந்தக் குறைந்தபட்சப் புள்ளி கிடைக்கவில்லை. அவர் கேட்டு வாங்கிய அலைவரிசை 7500 கிலோசைக்கிள் (இன்றைய பெயரில் கிலோஹெர்ட்ஸ்). அவரிடம் இருந்த கருவியில் அவ்வளவு உயர்ந்த அலைவரிசைக்குப் புள்ளி விழாது. அவர் பேசிய 3105 கிலோசைக்கிள் அலைவரிசையில் அவருடைய திசையை அறிய இட்டாஸ்கா கப்பலாலும் முடியவில்லை. அதற்கென்று ஹவ்லண்ட் தீவில் வைத்திருந்த கருவியின் பேட்டரி இரவிலேயே தீர்ந்துபோயிருந்தது. எர்ஹார்ட், நூனன் இரண்டு பேருக்கும் மோர்ஸ் தந்திக் குறியீடு சரளமாக வராது என்பதும் சேர்ந்துகொண்டது.

பான் அமெரிக்கன் விமானங்களுக்குத் தீவுகளில் திசை காட்டும் நிலையங்கள் இருந்தன. வழிகாட்டி பக்கத்தில் கொண்டுவருவார், வானொலி கையைப் பிடித்து இறக்கும். ஹவ்லண்டில் அந்தக் கை இல்லை. டீச்சர், காரணம் ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்றால் இதை எழுதுங்கள்.

தேடல்மணி:

புகைப்படச் செய்தி எனக்குப் புதிது. போய்ப் பார்த்தேன், உண்மைதான். நான் பகிர்ந்திருந்த இரண்டு குழுக்களிலும் நீக்கிவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன் ஐயா, கடைசியில் என்னதான் ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்?

பழைய மாலுமி, தூத்துக்குடி:

நீக்கியதற்கு நன்றி தம்பி. எரிபொருள் தீர்ந்து, ஹவ்லண்டுக்கு வெகு அருகிலேயே கடலில் இறங்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம். அங்கே ஆழம் ஐந்தாயிரம் மீட்டர் அளவு. என் எண்ணத்தை நிரூபிக்க என்னிடம் ஒரு போல்ட்கூட இல்லை, ஆகவே டீச்சர் இதைக் கட்டுரையில் போட வேண்டாம்.

கயல்விழி ஆசிரியை:

ஐயா, உங்கள் பதிவை இரவே இரண்டு முறை படித்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். எட்டாவது பக்கத்தை லேயின் கடைசி இரவிலிருந்து தொடங்கப் போகிறேன். இதுவரை நூனனுக்கு என் கட்டுரையில் ஒரு படம்கூட இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். எர்ஹார்ட் படங்கள் மட்டும் ஐந்து வைத்திருக்கிறேன். ஒன்றை எடுத்துவிட்டு, இருவரும் விமானத்தருகே நிற்கிற படத்தைச் சேர்க்கிறேன். பிள்ளைகளுக்காக ஒரு கேள்வி: நான்கு வினாடிக்கு ஒரு மைல் என்பதை எப்படி விளக்கினால் புரியும்?

பழைய மாலுமி, தூத்துக்குடி:

பூமி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 24 மணி நேரம். நிலநடுக்கோட்டின் சுற்றளவு 21,600 கடல் மைல். பிள்ளைகளையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்கு 15 மைல் வரும். பிறகு அந்த 3 வினாடிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். முக்கால் மைல் என்று அவர்களே சொல்வார்கள்.