இலைப் பணம் 12ஆம் தேதி, கார்டு கெடு 10ஆம் தேதி: என்ன செய்யலாம்?

கோத்தகிரி செல்வி:
எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பேக்டரியில் இலைப் பணம் போடுவது மாதாமாதம் 12ஆம் தேதி. கிரெடிட் கார்டு பணம் கட்டக் கெடு 10. உரம், கவாத்து மிஷின் வாங்கியதில் 40,000 ரூபாய் பாக்கி. பில்லில் கொட்டை எழுத்தில் ‘குறைந்தபட்சம் 2,000’ என்று இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டுதான் வருகிறேன், பாக்கி அசையவே இல்லை. இரண்டு நாள் பிந்தியதற்குத் தாமதக் கட்டணம் வேறு. இது நியாயமா?

குன்னூர் வாசகர்:
தாமதக் கட்டணத்தை விடாதீர்கள் அக்கா. ரிசர்வ் வங்கி விதிப்படி, கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் அதைப் போடலாம். எழுத்தில் கேளுங்கள். பில் சுழற்சித் தேதியை, அதாவது மாதாமாதம் பில் போடும் நாளை, ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. கெடு 15க்கு மேல் விழும்படி மாற்றச் சொல்லுங்கள்.

ஊட்டி, ஓய்வுபெற்ற கூட்டுறவு ஊழியர்:
செல்வி, கணக்கைப் பாரும்மா. மாதம் மூன்றரை வட்டி என்றால் 40,000க்கு 1,400. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 252. நீ கட்டும் 2,000இல் அசலுக்குப் போவது வெறும் 348 ரூபாய்! பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்த்தால் அதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. கார்டை எடுத்து உள்ளே வை. சொசைட்டியில் நகைக்கடன் வாங்கி இதை அடைத்துவிடு, வட்டி எவ்வளவோ குறைவு.

வருஷத்துக்கு 42 சதவீதம். இதை யார் கேட்பது? 30க்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. திரும்ப ஒரு உச்சவரம்பு வந்தே ஆக வேண்டும். குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் இழுத்துக்கொண்டே போகும் என்ற எச்சரிக்கை பில்லில் இருக்க வேண்டும் என்பது இப்போதே விதி. எத்தனை பேர் கண்ணில் படுகிறது? அந்த 2,000க்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், ‘இதில் அசலுக்கு 348’ என்று தமிழில் போடட்டும்.

கோத்தகிரி செல்வி:
348 என்று யாரும் சொல்லவில்லை ஐயா. நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன். பேங்கில் பதில் வராவிட்டால்?

குன்னூர் வாசகர்:
30 நாள் பாருங்கள். அப்புறம் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448, தமிழிலேயே பேசலாம். புகார் கொடுத்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.